அன்றாடம் குலையும் நாளில்: இளம் சிறப்பாசிரியருக்கு ஒரு கடிதம்

ஆட்டிசம் உள்ளவருக்கு அன்றாட ஒழுங்கு வெறும் பழக்கம் அல்ல. காலையில் எந்தத் தட்டில் இட்லி வரும், பள்ளி வேன் எந்தத் தெருவில் திரும்பும், குளித்தபின் எந்தத் துண்டு என்பதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால்தான் மீதி நாளின் சத்தம், வெளிச்சம், மனிதர்களின் பேச்சு எல்லாவற்றையும் அவரால் சமாளிக்க முடிகிறது. மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும் என்ற தவிப்பைத் தனியாகக் குறித்தார். அந்தத் தவிப்புக்குள் அவர் கண்டது பதற்றத்தை. பல வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அதற்கு இன்றும் அடம் என்றுதான் பெயர்.

அடம் என்று எடுத்துக்கொண்டால், "இப்பவே மாத்திப் பழக்கினாத்தான் பின்னாடி சமாளிப்பான்" என்று வேண்டுமென்றே ஒழுங்கைக் கலைத்துப் பார்க்கத் தோன்றும். இளம் ஆசிரியர் இதைச் செய்யக் கூடாது. மூத்தவர்கள் சொன்னாலும் செய்யக் கூடாது. சொல்லாமல் கலைக்கும் ஒவ்வொரு முறையும் மாற்றம் என்றாலே ஆபத்து என்பதுதான் மனதில் பதியும். மிச்சமிருக்கும் ஒழுங்கின்மேல் பிடி இன்னும் இறுகும்.

ஒழுங்கு குலைந்த நாளில் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, உண்மையில் எது போயிற்று என்பதை. மெட்ரோ ரயில் பணிக்காகச் சாலையை அடைத்து வேனை வேறு வழியில் விடுகிறார்கள், குழந்தை அலறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். புதிய தெரு காரணமாக இருக்கலாம். தினமும் ஜன்னல் வழியே பார்க்கும் தண்ணீர்த் தொட்டி இன்று வராதது காரணமாக இருக்கலாம். தாமதமாகிக் காலை வழிபாடு தவறிவிடுவதும் காரணமாக இருக்கலாம். முதலாவதற்குப் புதிய வழியின் புகைப்படங்கள் உதவும். இரண்டாவதற்குத் தொட்டியின் படம் ஒன்று கையில் இருந்தால் போதும். மூன்றாவதற்கு வேன் பத்து நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும். எந்த மாற்றமும் இல்லாமலே பிடி இறுகினால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முன்னறிவிப்புக்கு இன்றும் நல்ல கருவி பட அட்டவணை. உளவியலாளர் எரிக் ஷாப்ளர் அமெரிக்காவின் வட கரோலினாவில் வளர்த்தெடுத்து, 1972இல் மாநிலம் முழுவதற்குமான திட்டமாகிய டீச் (TEACCH) என்ற பயிற்று முறை அதைப் பரவலாக்கியது. நீளமான அட்டையில் வெல்க்ரோ ஒட்டி, அன்றைய வேலைகளின் படங்களை மேலிருந்து கீழாக வரிசையாக வைப்பார்கள். ஒரு வேலை முடிந்ததும் குழந்தையே அந்தப் படத்தைப் பிய்த்து 'முடிந்தது' பையில் போடும். பேசும் சொல் காற்றோடு போய்விடும், படம் கண்முன்னே நிற்கும். இதில் 'மாற்றம்' என்று ஓர் அட்டையும் வேண்டும். அதை முதன்முதலில் கெட்ட செய்திக்குப் பயன்படுத்தினால் அந்த அட்டையே பயமாகிவிடும். சில வாரங்கள் இனிய மாற்றங்களுக்கு மட்டும் வரட்டும்: இட்லிக்குப் பதில் பூரி, எழுத்துப் பயிற்சிக்குப் பதில் ஊஞ்சல்.

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பள்ளி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. 'அடுத்த வாரம்' என்று ஆறுதலுக்குச் சொன்னால், அந்த நாள் வந்து போனபின் பள்ளியோடு சொன்னவர்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். "எப்போது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மறுபடி பேசுவோம்" என்பது உண்மை, பிடித்துக்கொள்ள ஒரு நாளும் கிடைக்கிறது. அந்த ஏப்ரலில் இங்கிலாந்து, ஆட்டிசம் உள்ளவர்கள் தேவைப்பட்டால் நாளுக்கு ஒருமுறைக்கு மேலும் வெளியே போய்வரலாம் என்று வழிகாட்டுதலைத் தளர்த்தியது. வெளியே போய்வருவது அவர்களுக்குப் பொழுதுபோக்கல்ல என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்ட தருணம் அது.

புயல், மின்வெட்டு போன்றவற்றுக்குப் பை ஒன்று தயாராக இருந்தால் போதும்: டார்ச், பவர் பேங்க், சத்தம் தடுக்கும் ஹெட்போன், பழகிய பிஸ்கட், அதன் பழைய உறை. உறையின் நிறம் மாறினால் பிஸ்கட்டையே தொடாதவர்கள் உண்டு.

நிலைகுலைந்து அலறும்போது பாடம் எதுவும் ஏறாது. பேச்சைக் குறைத்து, விளக்கை அணைத்து, கூட்டத்தை விலக்கி, அடிபடாமல் பார்த்துக்கொண்டு அருகில் இருக்க வேண்டும். காரணம் கேட்பதும் கண்டிப்பதும் அந்த நேரத்து வேலை அல்ல.

எல்லாவற்றிலும் கடினமானது வீட்டில் நேரும் சாவு. ஒரே காலையில் கூடத்து நாற்காலிகள் வெளியே போகின்றன, அடுப்பு எரிவதில்லை, சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது, அறியாத கைகள் கட்டிப்பிடித்து அழுகின்றன. ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரைத் தினமும் மாலை ஐந்துக்குக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போன அப்பா இல்லை. "அப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்று உறவினர்கள் இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஊருக்குப் போனவர் திரும்பி வருவார் என்பதால், அந்த இளைஞர் மாதக்கணக்கில் ஐந்து மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். "அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி வர மாட்டார்" என்று, அவர் நம்பும் ஒருவர் தெளிவாகச் சொல்ல வேண்டும், பேசாதவருக்கும் சொல்ல வேண்டும். அடுத்த வாக்கியம் நடையைப் பற்றியதாக இருக்கட்டும்: "ஐந்து மணிக்குச் சித்தப்பா கூட்டிப்போவார்." அட்டவணையில் சித்தப்பாவின் படம், அதே நேரம், அதே கடை. அவர் அழவில்லை என்பதால் துக்கம் இல்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. துக்கம் பல வாரம் கழித்துத் தூக்கமின்மையாகவோ கையைக் கடித்துக்கொள்வதாகவோ வரலாம்.

பழைய ஒழுங்குக்குத் திரும்புவதும் ஒரு மாற்றமே. பள்ளி திறக்கும் நாளுக்கும், வேன் பழைய தெருவுக்கு வரும் நாளுக்கும் அதே முன்னறிவிப்பு தேவை. இடையில் பேச்சோ கழிவறைப் பழக்கமோ பின்னடைந்திருந்தால் இலக்கைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொண்டு, முன்பு எளிதாகச் செய்த வேலைகளிலிருந்து தொடங்குவது நல்லது. எந்தப் படம், எந்த ஆள், எந்த வாக்கியம் உதவியது என்று குழந்தையின் கோப்பில் எழுதிவைத்தால், அடுத்த வகுப்பு ஆசிரியர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.