உயிர்களும் உறவுமுறையும்

உடன்குடி என்றவுடன் கருப்பட்டி நினைவிற்கு வரும். கருப்பட்டி என்றவுடன் பனை நினைவிற்கு வரும். செம்மணல் பரந்த தேரிக்காட்டின் அருகே, பிற செடிகொடிகள் வாடும் கோடையிலும் பனை பதநீர் சுரந்து நிமிர்ந்து நிற்கின்றது. இவ்வூர்ச் சிறுவன் ஒருவனை அழைத்து, "பனை என்பது யாது?" என வினவினால், "மரம்" என்றே விடையிறுப்பான். தொல்காப்பியர் அவ்வாறு கொண்டாரல்லர். புறத்தே வயிரம் உடையவை புல் என்றும், அகத்தே வயிரம் உடையவை மரம் என்றும் அவர் மரபியலில் பிரித்தார். பனையை அறுத்துப் பார்த்தோர் இதன் பொருளை உணர்வர். அதன் வெளிப்புறம் கரிய வயிரமாக இருக்கும். உட்புறமோ சோறுபோல் மென்மையாக இருக்கும். வேம்பும் பூவரசும் இதற்கு நேர்மாறானவை. ஆகவே, வானளாவ வளரினும் பனையும் தெங்கும் புல்லின்பாற் பட்டன.

இன்றைய தாவரவியலாரும் பனையை வேம்போடு சேர்ப்பதில்லை. பனையின் முளையில் வித்திலை ஒன்றே உண்டு, வேம்பிற்கு இரண்டு. நெல், கரும்பு, மூங்கில் ஆகியவற்றில் உள்ளதுபோலவே, பனையின் தண்டிலும் சாற்றுக் குழாய்கள் வளையமாக அமையாமல் சிதறிக் கிடக்கின்றன. பனையும் புல்லும் தனித்தனிக் குடும்பங்களே எனினும், இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெருங்கிளையைச் சார்ந்தவை. உயரத்தை நோக்காது உள்ளமைப்பை நோக்கிய பழந்தமிழரின் கூர்மை பெரிதும் வியக்கத்தக்கது.

புறத்தோற்றம் மயக்கும் என்பதற்கு இவ்வூரை அடுத்த கடற்கரையிலும் சான்று உண்டு. 2016ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், மணப்பாடு முதல் திருச்செந்தூர் வரையுள்ள கரையில் 80க்கும் மேற்பட்ட பெரிய கரிய உயிர்கள் ஒதுங்கின. 1973ஆம் ஆண்டு ஜனவரியிலும் இப்பகுதியில் இவ்வினத்தைச் சேர்ந்த 147 உயிர்கள் ஒதுங்கியதுண்டு. செய்தி கேட்டு வந்தோருள் பலர், "பெரிய மீன்" என்றனர். ஆனால் மீனின் வால் நெடுக்காக நின்று பக்கவாட்டில் அசையும். இவற்றின் வாலோ கிடையாக அமைந்து மேலும் கீழும் அசைவது. இவற்றிற்குச் செவுள் இல்லை. தலையின் மேல் மூச்சுத்துளை உண்டு. இவை குட்டி ஈன்று பாலூட்டுவன. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ்கூடத் தம் நூலின் முற்பதிப்புகளில் திமிங்கிலங்களை மீன்களோடு வைத்திருந்தார். 1758ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் பதிப்பிலேதான் அவற்றைப் பாலூட்டிகளோடு சேர்த்தார்.

எதனோடு சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். கரையில் கிடக்கும் மீன் மூச்சுவிட இயலாமல் இறக்கும். பாலூட்டிக்குக் கரையிலும் மூச்சுண்டு. ஆனால் நீர் தாங்கிய உடலைத் தரை தாங்காது. தன் எடையே நுரையீரலை நெரிக்கும். வெயிலில் உடல் கொதிக்கும். எனவே அதன் தோலை நனைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். மூச்சுத்துளையில் நீரோ மணலோ புகாமல் காத்தல் வேண்டும். இன்ன வகை என்று அறிந்தவனுக்கே இன்னது செய்க என்பதும் விளங்கும். அன்று மீனவர்கள் அரும்பாடுபட்டுப் பலவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டனர். அவற்றுள் பல மீண்டும் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாமை அவ்வினத்தின் இயல்பு. 40க்கும் மேற்பட்டவை மாண்டன.

அவ்வினத்தை ஆங்கிலேயர் பைலட் திமிங்கிலம் என்பர். அறிவியலார் அதற்கு வழங்கும் பெயர் குளோபிசெபாலா மேக்ரோரிங்கஸ் என்பது. முன்சொல் பேரினத்தையும் பின்சொல் இனத்தையும் குறிக்கும். ஓர் ஊரில் மாரியப்பன் மூவர் இருப்பின் தந்தை பெயரை முன்னிட்டு வேறுபடுத்துகின்றோமே, ஏறக்குறைய அத்தகைய முறைதான் இது. இனங்கள் சேர்ந்து பேரினம், பேரினங்கள் சேர்ந்து குடும்பம், அதன்மேல் வரிசை, வகுப்பு, தொகுதி என இவ்வுறவுமுறை விரிந்து செல்லும். வியப்பு யாதெனில், திமிங்கிலம் எனப்படும் இவ்வுயிர் நம் பரதவர் ஓங்கில் என்று அழைக்கும் உயிரின் குடும்பத்தையே சார்ந்தது.

இவ்வுறவுமுறை கல்லில் பொறித்த எழுத்தன்று. புதிய சான்று கிடைக்குந்தோறும் திருத்தப்படுவது. 2001ஆம் ஆண்டில், பாக்கிஸ்தானில் கிடைத்த பழந்திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகள் ஆராயப்பட்டன. அவை மான், பசு, நீர்யானை ஆகிய இரட்டைக் குளம்பு விலங்குகளின் எலும்புகளை ஒத்திருந்தன. உயிரணுவின் மரபுப்பொருளை ஆராய்ந்தோரும் அவ்வாறே கூறியிருந்தனர். இதே மன்னார் வளைகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியாவை நாம் கடற்பசு என்கின்றோம். அதுவோ யானைக்கு உறவு. பசுவிற்கு உறவு, மணப்பாட்டு மணலில் ஒதுங்கிய அத்திமிங்கிலமே.