காற்றில்லா டயர்: மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

ராமநாதபுரம் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்மாய்க்கரை, ரோட்டோரம், எங்கே பார்த்தாலும் அதுதான். வெட்டிய விறகை வண்டியில் ஏற்றிப்போகும்போது உதிர்கிற முள் தார்ச்சாலையிலேயே கிடக்கும். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ரோடு பைக் டயருக்கு அதில் ஒன்று போதும். ஒரே காலையில் மூன்று முறை பஞ்சர் ஒட்டிய நாளில், இனி காற்றே வேண்டாம் என்று முடிவு செய்தேன். காற்றில்லா டயர் இரண்டு வாங்கி இரண்டு சக்கரத்திலும் மாட்டினேன். இன்று அது பின்சக்கரத்தில் மட்டும், அதுவும் வேலைக்குப் போகும் சைக்கிளில் மட்டும் இருக்கிறது. அந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, பஞ்சரை எண்ணுவது. மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு பஞ்சரையும் ஒரு நோட்டில் குறியுங்கள்: எந்தச் சக்கரம், எந்த ரோடு, என்ன காரணம். ட்யூபைக் கழற்றியதும் ஓட்டையைப் பாருங்கள். அருகருகே இரண்டு கீறல் இருந்தால் அது முள் வேலை இல்லை. காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியிருக்கிறது. ஓட்டை ட்யூபின் உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால் ரிம் டேப் விலகியிருக்கிறது, ஸ்போக் துளையின் விளிம்பு அறுத்திருக்கிறது. வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் மட்டுமே முள், கம்பி, கண்ணாடி.

அப்படி வெளிப்பக்கம் ஓட்டை என்றால் புது ட்யூபைப் போடுவதற்கு முன் கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கத் தடவுங்கள். முள் ஒடிந்து உள்ளே நிற்கிற இடத்தில் பஞ்சு நார் மாட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் விரல் கிழியும், முள்ளும் அகப்படாது. என்னுடைய அந்த மூன்று பஞ்சரில் இரண்டு, முதல் முள்ளின் ஒடிந்த நுனியை டயருக்குள்ளேயே விட்டுவிட்டதால் வந்தவை. இதை நான் மிகவும் பிந்தித்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது, செலவு குறைந்த வைத்தியத்தை முதலில் பார்த்துவிடுங்கள். ரோடு பைக் ட்யூபில் காற்று தானாகவே இறங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அழுத்தமானி உள்ள பம்பால் அடிக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில் வராது. ஃபிரேமில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர் டயருக்கு மாறுங்கள். முள்தான் தொல்லை என்றால் ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் மாதிரி, அடிப்பகுதியில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு ரப்பர்ப் பட்டை வைத்த டயர்கள் இருக்கின்றன. கனம்தான், ஆனால் உள்ளே இருப்பது காற்று. சீலன்ட் ஊற்றிய டியூப்லெஸ் இன்னொரு வழி. நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டியிருக்கும்.

இதற்குப் பிறகும் நோட்டில் பஞ்சர் குறையவில்லை என்றால் காற்றில்லா டயரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன், காற்று நமக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்து மாட்டினார். அப்போது சைக்கிள்களில் கெட்டி ரப்பர்தான். அடுத்த வருடமே பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் காற்று டயர் வென்றது. காரணம் எளியது. உருளும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அழுந்தி நிமிர்கிறது. அழுத்த நாம் செலவழித்த சக்தியைக் காற்று ஏறக்குறைய அப்படியே திருப்பித் தந்துவிடும். இன்றைய காற்றில்லா டயரில் இருக்கும் நுரைப் பாலிமர் பழைய கெட்டி ரப்பரைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது ஒரு பங்கைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது.

எனக்கு அந்த இழப்பு மணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் வேகக் குறைவாகத் தெரிந்தது. 7 கிலோமீட்டர் தூர அலுவலகத்துக்கு இது ஒன்றுமே இல்லை. கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டமான பிரவேக்கு, 200 கிலோமீட்டர் போகிறவர் கணக்குப் போடட்டும்: 25 வேகத்தில் 8 மணிநேரம், 23 வேகத்தில் 8 மணி 42 நிமிடம். பிரவேயின் கெடு 13 மணி 30 நிமிடம், அதற்குள் முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கூடுதல் நேரம் முழுக்கத் தொடையும் கையும்தான் பதில் சொல்ல வேண்டும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை. கரடுமுரடான ரோடு வந்தாலும் மழை வந்தாலும் தொழிற்சாலை வைத்த கடினம்தான்.

ஷாங்காயில் 2016-இல் தொடங்கிய மோபைக் வாடகை சைக்கிள்களில் காற்றில்லா டயர் போட்டார்கள். சரியான இடம் அது. குறுகிய தூரம், மெதுவான வேகம், காற்றடிக்க ஆள் இல்லாத சைக்கிள். உங்கள் ஓட்டமும் அப்படி இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

வாங்குவது என்று ஆனபின் அளவெடுங்கள். டயரின் 700 x 25 என்ற எண் மட்டும் போதாது. ரிம்மின் இரண்டு உள்விளிம்புக்கும் நடுவே உள்ள அகலத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். கொரியாவின் டன்னஸ் போன்றவர்களின் டயரில், குறுக்கே செருகும் சிறு பிளாஸ்டிக் ஊசிகள்தான் டயரை ரிம்மில் பிடித்துவைக்கின்றன. அகலத்துக்குத் தகுந்த நீளத்தில் ஊசி வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் டயர் ஆடும், அல்லது உள்ளே போகவே போகாது. ஊசி மாட்டிக்கொள்ள ரிம்மின் உள்விளிம்பில் கொக்கி போன்ற மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மடிப்பில்லாத புதுவகைக் கார்பன் ரிம் என்றால் விட்டுவிடுங்கள்.

பின்சக்கரத்துக்கு மட்டும் போடுங்கள் என்பதே என் யோசனை. பாரம் பின்னால்தான் அதிகம், முன்சக்கரம் புரட்டிவிடும் முள்ளும் பின்சக்கரத்தில்தான் ஏறும். உங்கள் நோட்டும் இதையே சொல்லக்கூடும். முன்சக்கரம் திருப்பத்துக்கும் பிரேக்குக்கும் பிடிமானம் தருவது. மழையில் ரோட்டின் வெள்ளைக்கோட்டின் மேல் பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் கீழேதான்.

மாட்டும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். முதலில் வால்வ், ட்யூப் எல்லாம் எடுத்து ரிம்மைத் துடையுங்கள். எல்லா ஊசியையும் டயரின் துளைகளில் செருகி, இரண்டு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டயரை ரிம்மின் மேல் உட்காரவைத்து, ஒரு பக்க ஊசிமுனைகளை முதலில் மடிப்புக்குள் தள்ளிவிட்டு, மறுபக்கத்தை அதோடு வரும் கருவியால் ஒவ்வொன்றாக அமுக்குங்கள். பாதிவரை சுலபமாகப் போகும். கடைசி ஏழெட்டு ஊசியில்தான் உயிர் போகும். ஒன்றை அமுக்கினால் எதிர்ப்பக்கத்து ஒன்று வெளியே வரும். அமுக்கிய இடத்தையெல்லாம் கேபிள் டையால் ரிம்மோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போனால் அந்தத் தொல்லை இல்லை. முடிந்ததும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கு நேரே டயர் மேலும் கீழும் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளும் இடத்தில் ஊசி சரியாக உட்காரவில்லை.

முதல் இரண்டு வாரம் ஸ்போக்கைக் கவனியுங்கள். காற்று வாங்கிக்கொண்டிருந்த அடி இப்போது ஸ்போக்குக்கும் ரிம்முக்கும் போகிறது. சக்கரத்தின் தளர்ச்சியைப் பார்க்காமல் மாட்டியதால் எனக்கு ஒரே மாதத்தில் இரண்டு ஸ்போக் அறுந்தது. நிப்பிளும் போய்விட்டதால் டயரைக் கழற்ற வேண்டியதாயிற்று. கடைக்கார அண்ணன் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊசிய வெட்டித்தான் தம்பி எடுக்கணும்" என்றார். வெட்டிய ஊசி மறுபடி உதவாது. அதனால் மாட்டுவதற்கு முந்தின நாளே சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, ஸ்போக்கை முறுக்கி வாங்கிவிடுங்கள். உபரியாகக் கொஞ்சம் ஊசியும் வாங்கி வையுங்கள்.

முன்சக்கரத்தில் இன்னும் காற்றுதான். சீட்டுக்குக் கீழே உள்ள பையிலிருந்து ட்யூபையும் லீவரையும் எடுத்துவிடாதீர்கள். அதோடு ஒரு தீப்பெட்டிக்குள் கொஞ்சம் பஞ்சு.