ஜரிகைக்குள் என்ன இருக்கிறது?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் உறுப்பினர், மாமியாரின் கூறைப்புடவையைப் பழைய பட்டு வாங்குகிறவரிடம் போட்டு எவர்சில்வர் அன்னக்கூடை வாங்கியதைச் சொன்னார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்த புடவை. "கிழிசலுக்கு இதுவே அதிகம்தானே மேடம்?" என்றார். பக்கத்தில் இருந்த வயதான உறுப்பினர், "அடிப்பாவி, அது கெட்டி ஜரிகையாச்சே! எடை போட்டியா?" என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

அன்றைக்கு எங்களுக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. சமூகப்பணிப் படிப்பில் ஜரிகைக்குப் பாடம் கிடையாது. பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

ஜரிகை என்ற சொல்லுக்குள்ளேயே தங்கம் இருக்கிறது. பாரசீக மொழியில் 'ஜர்' என்றால் பொன். பழங்காலத்தில் ஜரிகை என்பது நிஜமாகவே தங்கம்தான். தங்கத்தைத் தகடாக அடித்து, மெல்லிய கீற்றாக நறுக்கித் துணியில் சேர்த்தார்கள். பைபிளில் யாத்திராகமப் புத்தகத்தில் ஆசாரியர் உடைக்கு இப்படிச் செய்ததாக வருகிறது. ரோமப் பேரரசில் கி.பி. 52-ல் ஒரு ஏரித் திருவிழாவுக்கு அரசி அக்ரிப்பினா முழுக்கப் பொன்னிழையில் நெய்த மேலாடை போட்டு வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக பிளினி என்பவர் எழுதி வைத்திருக்கிறார்.

தங்கம் இதற்கு ஏன் தோதானது? இழுத்தால் அறுந்து போகாமல் நீளும். ஒரே ஒரு கிராம் தங்கத்தை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கம்பியாக இழுக்கலாம் என்கிறார்கள். நமக்கே நம்ப முடியவில்லை! ஆனாலும் தங்கம் தங்கம்தானே, எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? அதனால் வெள்ளிக்கு மேல் தங்கத்தைப் பூசத் தொடங்கினார்கள். சீனாவிலும் ஜப்பானிலும் காகிதத்தில் தங்க ரேக்கு ஒட்டி, அதை நூல் போல நறுக்கினார்கள். ஐரோப்பாவில் ஆட்டுக் குடல் சவ்வில் கூடப் பொன் பூசி நூலில் சுற்றியிருக்கிறார்கள். ஆக, கலப்பும் சிக்கனமும் இன்று நேற்று வந்ததில்லை.

யார் கட்டலாம், யார் கட்டக்கூடாது என்பதற்கும் சட்டம் இருந்தது. இங்கிலாந்தில் 1483-ல் போட்ட சட்டப்படி, பொன்னிழைத் துணி ராஜ குடும்பத்துக்கு மட்டும்தான்.

எங்களுக்குப் பிடித்தது பிரான்ஸ் நாட்டுக் கதை. 1700-களின் பிற்பாதியில் அங்கே பெரிய வீட்டுப் பெண்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. பழைய உடையிலிருந்து ஜரிகை இழைகளைப் பிரித்தெடுத்து, உருக்குகிறவரிடம் விற்பார்கள். தெரிந்த ஆண்களிடமும் பழைய கோட்டின் ஜரிகைக் கரையைக் கேட்டு வாங்கிப் பிரிப்பார்களாம். துணி கிழியலாம், இழைக்குள் இருக்கிற உலோகத்துக்கு மதிப்பு போகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம், ஆரணி தறிகளுக்கு வெகுகாலமாக சூரத்திலிருந்து ஜரிகை வருகிறது. தமிழ்நாடு அரசும் 1971-ல் காஞ்சிபுரத்தில் ஜரிகை ஆலை தொடங்கியது. வெள்ளிக் கட்டியை ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வழியாக இழுத்து இழுத்து முடி போன்ற கம்பியாக்குவார்கள். அதைத் தட்டையாக்கிப் பட்டு நூலின் மேல் சுற்றுவார்கள். கடைசியில் தங்க முலாம். வெளியே பளபளப்பது தங்கம், எடை கொடுப்பது வெள்ளியும் செம்பும், உள்ளே இருப்பது பட்டு.

அசல் ஜரிகைக்குச் சொல்லப்படும் அளவு இது: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. இதற்கு முந்தைய அளவில் வெள்ளி 57 சதவீதமாகவும் தங்கம் 0.6 ஆகவும் இருந்தது. விலை ஏற ஏற வெள்ளியைக் குறைத்திருக்கிறார்கள். அதனால்தான் பாட்டி காலத்துப் புடவையைப் பழைய பட்டுக்காரர் தேடி வருகிறார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா? கரையும் முந்தியும் சேர்ந்து 100 கிராம் அசல் ஜரிகை என்று வையுங்கள். இன்றைய அளவிலேயே 40 கிராம் வெள்ளி, அரை கிராம் தங்கம். துணியை எரித்துச் சாம்பலை உருக்கினால் உலோகம் கிடைத்துவிடும். எரிக்கிற கூலி, உருக்குகிற கூலி, வாங்குகிறவர் லாபம் எல்லாம் கழியத்தான் செய்யும். கழித்தாலும் அன்னக்கூடைக் கணக்கு வராது சகோதரிகளே.

ஆனால் மின்னுவதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. 1946-ல் அமெரிக்காவில் 'லுரெக்ஸ்' என்ற இழை வந்தது. அலுமினியத் தாளை இரண்டு பிளாஸ்டிக் படலத்துக்கு நடுவே ஒட்டி, நூல் போல நறுக்கியது. கறுக்காது, கனம் இல்லை, விலையும் மலிவு. சினிமாக்காரர் உடையில் இருந்த மினுமினுப்பு இப்படித்தான் எல்லார் வீட்டுக்கும் வந்தது. இன்றைய பிளாஸ்டிக் ஜரிகையும் அந்த வம்சம்தான். அதை நாம் குறை சொல்லவில்லை. நம் குழுக்களில் தைக்கிற பாவாடை, பிளவுசுக்கு அதுதான் தோது. அசல் என்று சொல்லி அதை விற்றால்தான் தப்பு. இரண்டுக்கும் நடுவில் செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் போட்ட 'டெஸ்டட்' ஜரிகை என்று ஒன்று உண்டு. பலர் ஏமாறுவது இதில்தான்.

புடவையின் உள்பக்கத் தலைப்பிலிருந்து ஓர் இழை எடுத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். சுருண்டு உருகி, ஆறியதும் மணி போலக் கெட்டியானால் பிளாஸ்டிக். உருகாவிட்டால் உலோகம் என்று மட்டும் தெரியும், வெள்ளியா செம்பா என்று தெரியாது. இழையைப் பிரித்து, உள்ளே சிவப்பு நூல் இருந்தால் அசல் என்று சொல்வார்கள். சாயம் போட்ட நூலை யாரும் உள்ளே வைக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கறுத்துப் போனால் போலி என்பதும் சரியில்லை, நல்ல வெள்ளியும் காற்றில் கறுக்கும். எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் கருவி இருக்கிறது. புதிதாக வாங்கும்போது கூட்டுறவுக் கடையிலும் சரி, தனியார் கடையிலும் சரி, வெள்ளி எத்தனை சதவீதம் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

அன்னக்கூடை வாங்கிய சகோதரி இதைப் பத்திரிகையில் போடச் சம்மதித்தார், பேர் வேண்டாம் என்றார். வீட்டில் இன்னொரு பழைய புடவை இருக்கிறதாம். குழுவில் நான்கு பேர் சேர்ந்து தங்கள் புடவைகளையும் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு வரப்போகிறார்கள். என்ன விலை சொன்னார்கள் என்பதை அடுத்த இதழில் எழுதுகிறோம்.