சிலந்தி வேட்டையாடும் குளவிகள்

திருவனந்தபுரம் வட்டாரத்தில் ஓட்டுவீடுகளின் இறவாரங்களிலும், பள்ளித் தாழ்வாரச் சுவர்களிலும் ஈரமண்ணால் கட்டப்பெற்ற சிறு கூடுகளைக் காணலாம். இவற்றைக் கட்டும் பூச்சியை மலையாளத்தில் வேட்டாளன் என்றும், தமிழில் வேட்டாளி அல்லது மண்குளவி என்றும் வழங்குவர். இக்கூடுகளைக் கண்டு மாணவர் அஞ்சுவதுண்டு. பெரியோர் அவற்றை இடித்து அழிப்பதுமுண்டு. எக்குளவி அபாயமானது, எது அன்று என்பதை ஆசிரியரும் களப்பணியாளரும் பகுத்தறிந்திருத்தல் அவசியம்.

இருவகை வேட்டை

மண்குளவிகள் ஸ்பெசிடே குடும்பத்தைச் சார்ந்தவை. இவற்றுள் ஓர் இனத்திற்கு 1781-இல் பப்ரீஷியஸ் என்னும் அறிஞர் சென்னையின் பழம்பெயரையொட்டி 'மதராஸ்படானம்' என்று பெயரிட்டார். இது கூட்டின் ஒவ்வோர் அறையிலும் பல சிறு சிலந்திகளை அடைத்து, அவற்றுள் ஒன்றின்மீது முட்டையிட்டு, வாயிலை மண்ணால் மூடிவிடும்.

மற்றொரு வகை பொம்பிலிடே குடும்பம். உலகெங்கும் ஏறத்தாழ 5,000 இனங்கள் இதில் அடங்கும். இக்குளவி ஒரு முட்டைக்கு ஒரே சிலந்தியைப் பிடிக்கும். தன்னினும் கனத்த சிலந்தியைப் பின்னோக்கி நடந்து தரையில் இழுத்துச் செல்லும் காட்சியைத் தோட்டங்களில் காணலாம்.

கொடுக்கின் தொழில்

பெண் குளவிக்கு மட்டுமே கொடுக்கு உண்டு. அதன் விஷம் சிலந்தியைக் கொல்வதில்லை. நரம்புகளைத் தாக்கி அசைவற்றதாக்குகிறது. உயிருடன் இருப்பதால் சிலந்தி அழுகாமல், புழுவிற்குப் புத்துணவாகப் பயன்படுகிறது. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பர். கூட்டினுள் இரை செல்வதையும், பின்னர்க் குளவி வெளிவருவதையும் கண்டோர் கூறிய கூற்று அது. உண்மையில் முட்டையினின்று தோன்றிய புழுவே இரையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பின் குளவியாகிறது.

வலியின் அளவு

அமெரிக்கப் பூச்சியியலறிஞர் ஜஸ்டின் ஷ்மிட் 1983 முதல் கொட்டுகளின் வலியை 1 முதல் 4 வரை தரப்படுத்தினார். தேனீக்கு 2, மண்குளவிக்கு 1. அமெரிக்காவின் பெரிய பொம்பிலிட் குளவியான பெப்ஸிஸுக்கோ உச்சமான 4. எனினும் அக்கடும் வலி சில நிமிடங்களில் தணியும். அதன் நெருங்கிய உறவான ஹெமிபெப்ஸிஸ் நம் நாட்டிலும் உண்டு. ஆகவே பெரிய குளவிகளைக் கையால் பிடித்தலாகாது.

இவை தனித்து வாழ்பவை. காக்க வேண்டிய பெருங்கூட்டம் இல்லாமையால், பிடித்தாலோ நசுக்கினாலோ அன்றிக் கொட்டுவது அரிது. கூட்டமாய் வாழும் கதண்டுகளோ கூட்டைக் கலைத்தால் திரண்டு தாக்கும். அவற்றின் பல கொட்டுகள் உயிருக்கே ஆபத்தாகும்.

முதலுதவி

கொட்டிய இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவிக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கவும். சுண்ணாம்பு தடவுதல் தோலைப் புண்ணாக்கும். மூச்சுத் திணறல், முகம் அல்லது நாக்கு வீக்கம், மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும் ஒவ்வாமை எனக் கருதி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். ஒரே கொட்டும் இத்தகைய விளைவைத் தரக்கூடும். அங்கு இடப்படும் அட்ரினலின் ஊசி உயிர்காப்பது.

வகுப்பில் செய்யத்தக்கது

குளவி வெளியேறிய துளையுள்ள பழைய மண்கூட்டை எடுத்து, ஆசிரியர் கத்தியால் பிளந்து காட்டலாம். அறைகளின் எண்ணிக்கை, கூட்டுப்புழுவின் உறை, எஞ்சிய சிலந்திக் கால்கள் ஆகியவற்றை மாணவர் குறித்துக்கொள்க. புதுக்கூடுகளைக் கலையாது விட்டு, குளவி மண் கொணரும் முறையைத் தொலைவிலிருந்து கவனித்தலே நன்று.