ஒரு வாளித் தண்ணீரில் ஒலியின் வேகம்

நிலை அலையை அளந்து பார்க்க 35 செ.மீ. நீளத்தில் ஓர் அங்குல பிவிசி குழாய் வேண்டும். பிளம்பர் வெட்டி மீந்த துண்டே போதும். கூடவே ஓர் அடிக்குமேல் ஆழமுள்ள வாளி, ஸ்கேல், மார்க்கர், ‘டோன் ஜெனரேட்டர்’ செயலி உள்ள கைப்பேசி.

குழாயின் மேல்முனையிலிருந்து வெளிப்புறமாகச் சென்டிமீட்டர் கோடுகள் போடுங்கள். வாளியை நிரப்பிக் குழாயை அடிவரை இறக்குங்கள். செயலியில் 1000 ஹெர்ட்ஸ் வைத்து, ஸ்பீக்கரைக் குழாய் வாய்க்கு ஓர் அங்குலம் மேலே பிடிக்கவேண்டும். குழாய் உயர உயர கைப்பேசியும் உயரவேண்டும் என்பதால் துணைக்கு ஓர் ஆள் இருப்பது நல்லது.

இப்போது குழாயை மெல்ல மேலே இழுங்கள். தண்ணீருக்கு மேல் 8 செ.மீ. வாக்கில் ஒலி திடீரென்று பெருகும். கீழே போன அலையும் தண்ணீரில் பட்டுத் திரும்பிய அலையும் சேர்ந்து குழாய்க்குள் நிலை அலையாகிவிட்டன. தண்ணீரை ஒட்டிய காற்று மேலும் கீழும் அசைய முடியாது, அது கணு. வாய்ப்பக்கக் காற்று மிக அதிகமாக ஆடும், அது எதிர்க்கணு. நடுவே இருப்பது கால் அலைநீளம். உச்ச ஒலியைத் தாண்டிப்போய், திரும்ப இறக்கி, மூன்று முறை கேட்ட பிறகே அளவை எழுதுங்கள். அவசரப்பட்டால் அரை சென்டிமீட்டர் எளிதாகத் தவறிவிடும்.

இங்கேயே நிறுத்தி நான்கால் பெருக்கிவிடாதீர்கள். அலைநீளம் 32 செ.மீ., வேகம் விநாடிக்கு 320 மீட்டர் என்று வரும். அது ஏறக்குறைய 30 மீட்டர் குறைவு. எதிர்க்கணு சரியாகக் குழாயின் வாயில் அமைவதில்லை. உள்விட்டத்தில் சுமார் 0.3 பங்கு வெளியே தள்ளி நிற்கிறது. நம் குழாயில் அது 0.8 செ.மீ. அளவு.

அந்தத் திருத்தத்தைக் கணக்கிட்டுச் சேர்க்கலாம். எனக்குப் பிடித்தது வேறு வழி. குழாயை இன்னும் இழுங்கள்; 25.4 செ.மீ. அருகே ஒலி மறுபடி பெருகும். இரண்டு அளவிலும் ஒரே பிழை இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பிழை தானாகவே நீங்கிவிடும். மிஞ்சுவது சுமார் 17.4 செ.மீ. அடுத்தடுத்த இரு கணுக்களுக்கு இடையில் எப்போதும் அரை அலைநீளம்தான். ஆகவே அலைநீளம் 34.8 செ.மீ., வேகம் விநாடிக்கு 348 மீட்டர். 30 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 349. ஆய்வகத்தில் இந்தக் கழித்தலை வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒருமுறை வாளி முன்னால் உட்கார்ந்தால் போதும், காரணம் பிடிபட்டுவிடும்.

அடுத்து 1200 ஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள். இடைவெளி 14.5 செ.மீ. ஆகச் சுருங்கும். அதை இரட்டித்து 1200ஆல் பெருக்குங்கள்: மறுபடியும் 348.