மெஷினைச் செய்யாமலே காப்புரிமை கேட்கலாமா?

கேள்வி: கர்நாடகத்தின் பொம்மனஹள்ளியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஜாபைப் பிடிக்கப் புது மாதிரி சக் ஒன்றை யோசித்து, படமும் வரைந்துவிட்டேன். செய்து பார்க்க இப்போது பணமில்லை. இதை முழுமையான கண்டுபிடிப்பாகச் சட்டம் ஏற்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஏற்கும், எழுத்தில் முழுமையாக இருந்தால். பொருளைச் செய்து முடித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் சொல்லவில்லை. தேவைப்பட்டால் காப்புரிமை அலுவலகம் மாதிரியைக் கேட்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. பிரிவு 10-இன்படி, அந்த சக் எப்படிச் செய்யப்படுகிறது, எப்படி இயங்குகிறது, உங்களுக்குத் தெரிந்தவற்றில் சிறந்த முறை எது என்று விவரக்குறிப்பில் எழுத வேண்டும். தொழில் தெரிந்த இன்னொரு டர்னர் அதைப் படித்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் செய்ய முடிய வேண்டும். இந்த விவரம் போதாவிட்டால், கிடைத்த காப்புரிமையும் பின்னால் ரத்தாகலாம்.

புதுமையும் வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும், கண்டறிவுத் திறனும் தெரிய வேண்டும். கண்டறிவுத் திறன் பற்றி உங்கள் தொழிலிலேயே ஒரு வழக்கு உண்டு. உத்தரப் பிரதேசம் மிர்சாபூரில், பாத்திரம் செய்யும்போது அது லேத்திலிருந்து தெறித்து விழும் ஆபத்தைத் தடுக்கும் முறைக்கு 1951 முதல் ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அது வெறும் பட்டறைத் திருத்தம்தான் என்று சொல்லி, 1978-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. உங்கள் சக்கில் எந்த அம்சம் மற்ற டர்னர்களுக்கு எளிதில் தோன்றியிருக்காது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

பணமில்லாததற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யுங்கள். இணையவழியில் தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். கர்நாடக விண்ணப்பங்கள் சென்னை காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. தாக்கல் செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள், எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்ற கோரிக்கைகளோடு முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்த இடைவெளியில் சக்கைச் செய்து சோதித்துக்கொள்ளலாம். ஆனால் முதல் விண்ணப்பத்தில் இல்லாததைப் பிறகு சேர்த்தால், அதற்குப் பழைய தேதி கிடைக்காது. எனவே தற்காலிகம்தானே என்று அரைகுறையாக எழுத வேண்டாம். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கக் கேட்கும் மனுவை, முதல் தாக்கலிலிருந்து 31 மாதங்களுக்குள் தனியாகக் கொடுக்க வேண்டும்.

தாக்கல் செய்யும்வரை வாடிக்கையாளர் யாரிடமும் காட்டாதீர்கள், யூடியூபிலும் போடாதீர்கள். வெளியில் தெரிந்துவிட்டால் புதுமை போய்விடும். சட்டத்தில் உள்ள விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பழைய காப்புரிமைகளை இலவசமாகத் தேடிப் பாருங்கள். பிறகு பதிவு பெற்ற காப்புரிமை முகவர் ஒருவரிடம் உங்கள் படத்தோடு போங்கள்.