மாவட்டப் பொருளாதாரத் திட்டம் எழுதப் போகிறவருக்கு

மாவட்டத் தொழில் மையத்திலோ ஆட்சியர் அலுவலகத் திட்டப் பிரிவிலோ, அவர்களுக்கு அறிக்கை எழுதித் தரும் ஆலோசனை நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் மேசைக்கு முதலில் வருவது முந்தைய திட்ட அறிக்கையாகத்தான் இருக்கும். அதில் மாவட்டத்தின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். சுற்றுலா மேம்பாடு, உணவுப் பதப்படுத்தும் பூங்கா, குளிர்பதனக் கிடங்கு, இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்று போகும். எந்த மாவட்டம் என்று கண்டுபிடிக்க முடியவில்லையா? அப்படியானால் அது யாருக்கும் பயன்படப்போவதில்லை. நீங்கள் எழுதும் வரைவையும் இதே முறையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரம் வெளியூருக்கு இப்போதே விற்றுக்கொண்டிருப்பது எது? அது இன்னும் பெரிதாக வளராமல் தடுப்பது எது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பெயரும் இடமும் சொல்லிப் பதில் தரத் தெரியும்வரை திட்டம் எழுத உட்காராதீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் தேடி லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போங்கள். ஊரிலிருந்து என்ன சரக்கு ஏறுகிறது, எந்த ஊருக்குப் போகிறது, திரும்பி வரும் லாரியில் என்ன வருகிறது என்பது அங்கே இருப்பவர்களுக்கு அத்துப்படி. கரூரிலிருந்து போர்வையும் திரைச்சீலையும் போவதும், அங்கே பேருந்துக்குக் கூண்டு கட்டுவதும், நாமக்கல்லிலிருந்து முட்டை போவதும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுவதும் எந்த அரசுத் திட்ட அறிக்கையிலும் பிறந்தவை அல்ல. ஊர்க்காரர்கள் தாங்களே கண்டுபிடித்து வளர்த்த தொழில்கள் அவை. உங்கள் மாவட்டத்திலும் இப்படி ஒன்றிரண்டாவது இருக்கும். சிறியதாக, பெயரில்லாமல், ஒரே தெருவுக்குள் இருக்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலையின் பாதி.

தொழில் செய்கிறவரிடம் “உங்களுக்கு அரசு என்ன செய்யணும்?” என்று கேட்காதீர்கள். “மானியம் குடுங்க சார், வட்டியைக் குறைங்க சார்” என்ற பதில்தான் எல்லா ஊரிலும் வரும். “போன ஆறு மாசத்துல நீங்க வேண்டாம்னு விட்ட ஆர்டர் எது, ஏன் விட்டீங்க?” என்று கேளுங்கள். உண்மை அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும். மெஷின் பழுதானால் ஃபிட்டர் எங்கிருந்து வருகிறார், வேலையாட்கள் எங்கே தங்குகிறார்கள், சரக்கைச் சோதித்துச் சான்றிதழ் வாங்க எந்த ஊருக்கு அனுப்புகிறீர்கள், பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பதையும் கேளுங்கள். முதலாளிகளிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர், பீஸ் ரேட்டில் தைக்கும் பெண், நூல் ஏஜெண்ட், வங்கிக் கிளை மேலாளர் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

புள்ளிவிவரமும் வேண்டும். ஆனால் எந்தப் புள்ளிவிவரத்துக்கு எத்தனை வயது என்பதைப் பார்த்து எடுங்கள். மக்கள்தொகைக் கணக்கு 2011-இல் எடுத்தது. ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-ஐச் சேர்ந்தது. இவற்றை மட்டும் வைத்து இன்றைய ஊரைப் பற்றி எழுதினால், தறி ஓடாத தெருவில் தறி ஓடுவதாக எழுத நேரிடும். தேசிய தொழிலாளர் கணக்கெடுப்பில் 2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தையே அடிப்படை அலகாகக் கொண்டு மாதிரி எடுக்கிறார்கள். அதைத் தொடர்ந்து கவனித்து வாருங்கள். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவு, மின்வாரியத்தின் தொழில் இணைப்புகள், வருங்கால வைப்பு நிதிக் கணக்குகள் ஆகிய மூன்றையும் ஊர்வாரியாகக் கேட்டு வாங்கி ஒரே வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மாவட்டத்தின் தொழில் எங்கே மூச்சு விடுகிறது என்பது தெரிந்துவிடும். நபார்டு வங்கி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆண்டுதோறும் வெளியிடும் கடன் திட்ட அறிக்கையையும் படியுங்கள். அதை வாங்கி வைப்பவர்கள் அதிகம், படிப்பவர்கள் குறைவு.

மாவட்ட சராசரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2018-இல் ஒன்றிய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 112 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் அந்தப் பட்டியலில் இருந்தன. சிவகாசியும் இராஜபாளையமும் இருக்கும் மாவட்டமா பின்தங்கியது என்று பலர் வியந்தார்கள். அதே விருதுநகர் மாவட்டத்தில்தான் நரிக்குடியும் திருச்சுழியும் இருக்கின்றன. சிவகாசியில் அச்சகங்கள் இரவு பகலாக ஓடுவதால் நரிக்குடியின் மானாவாரி விவசாயிக்கு வருமானம் வந்துவிடாது. ஒன்றியவாரியாகப் பிரித்துப் பார்க்காத திட்டம், பணத்தை ஏற்கெனவே ஓடுகிற இடத்துக்கே மறுபடியும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சரி, தடை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் தமிழ்நாட்டுக்குத் திருப்பூரைவிடப் பெரிய பாடம் இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. 1980-களிலும் 90-களிலும் அந்த ஊர் வளர்ந்த வேகத்துக்கு ஈடு சொல்ல முடியாது. அந்த வேகத்தில் சாயப்பட்டறைக் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகளே திறக்காதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக நடந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்கினார்கள். வேலை இழந்தவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அரசின் கடனுதவியோடு சீரமைக்கப்பட்டு, தொழில் மெல்ல எழுந்தது. இன்று திருப்பூர் சாயத்தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவதைச் சொல்லியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் ஆர்டர் கேட்கிறது.

இதைச் சுற்றுச்சூழல் கதை என்று மட்டும் படிக்காதீர்கள். திட்டமிடுகிறவர் இதைத் தொழிலின் கதையாகவே படிக்க வேண்டும். அன்று திருப்பூரைத் தடுத்தது ஆர்டர் பஞ்சம் அல்ல. தொழில்முனைவோர் பஞ்சமும் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வரும், பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகும் என்ற இரண்டுதான் தடை. வாய்க்காலில் அடைப்பு ஓரிடத்தில் இருந்தால், மற்ற இடங்களையெல்லாம் எவ்வளவு அகலப்படுத்தினாலும் கடைமடைக்கு நீர் வராது. அந்த ஓரிடத்தைப் பெயர் சொல்லி எழுதுவதுதான் திட்டம். அதைச் சொல்லாமல் நாற்பது பரிந்துரைகளை அடுக்குவது வேலையைத் தட்டிக்கழிப்பது என்றே நான் கருதுகிறேன்.

தடை ஊருக்கு ஊர் மாறும். திருப்பெரும்புதூர்ப் பகுதியில் தொழிற்சாலை வந்துவிட்டது, வேலைக்குப் பெண்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தார்கள், தங்க நல்ல இடம் இல்லை. வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. தொழிற்கொள்கையில் கட்டிலுக்கும் குளியலறைக்கும் என்ன வேலை என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். விடுதியும், இரவு ஷிப்ட் முடிந்து திரும்பப் பேருந்தும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடமும் இங்கே இயந்திரத்துக்குச் சமமான முதலீடுகள். கோயம்புத்தூரில் தடை வேறு மாதிரி அவிழ்ந்தது. மில்களுக்கும் பம்ப்செட் பட்டறைகளுக்கும் தனித்தனியாக ஆய்வுக்கூடம் வைக்க வசதி இல்லை. 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற பொது அமைப்புகள் அந்த இடத்தை நிரப்பின. உங்கள் ஊரில் பத்துப் பட்டறைக்காரர்கள் ஒரே சான்றிதழுக்காக ஒரே வெளியூருக்கு அலைகிறார்கள் என்றால், குறுந்தொழில் குழுமத் திட்டத்தில் ஒரு பொது வசதி மையம் கேட்பதற்கு அதைவிடச் சிறந்த காரணம் வேண்டியதில்லை.

நிலம் கையகப்படுத்திக் கேட் போட்டுவிட்டால் தொழில் வந்துவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென 2,000 ஏக்கருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் வெறுமனே கிடந்தது. 1970-களில் பின்தங்கிய பகுதி என்று சலுகை கொடுத்துத் தொடங்கிய ஓசூர் சிப்காட்டோ அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று நிரம்பியது. சலுகை பல பகுதிகளுக்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு இருந்தது ஓசூருக்கு மட்டும்தான். டூல் ரூம், வார்ப்படப் பட்டறை, பொறியாளர், விமானம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஆகவே நிலம் எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று தேடும் முன், அந்த இடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஓசூருக்கு அடுத்த நகரம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. நொய்யல் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நான்கு மாவட்டங்களைத் தொட்டுக் காவிரியில் கலக்கிறது. பொருளாதாரம் ஆட்சியர் அலுவலக எல்லைக் கல்லோடு நிற்பதில்லை. பக்கத்து மாவட்டத் திட்ட அலுவலரின் செல்பேசி எண் உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டு மாவட்டமும் ஒரே குளிர்பதனக் கிடங்கைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு அழைப்பு இல்லாததால்தான். சட்டம் போட்ட எல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். காவிரிப் படுகையில் 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பல வகைத் தொழில்களை அனுமதிப்பதில்லை. அங்கே திட்டம் எழுதுகிறவர் அதைக் குறையாக நினைக்காமல், தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கலாம்.

இனி காகித வேலை. அரசியல் சட்டத்தின் 243-இசட்-டி பிரிவு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு திட்டக்குழு இருக்க வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் ஊரகத்திலிருந்தும் நகரத்திலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். அவர்களைக் கையெழுத்துப் போட வருகிறவர்களாக நடத்துவது இந்தத் துறையின் பழைய நோய். மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்குத் தன் பகுதியில் எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்த ரோட்டில் லாரி போகாது என்று நன்றாகவே தெரியும். கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாகப் போய்ப் பேசுங்கள். கூட்டத்தில் கேட்டால் பொதுவான கோரிக்கைதான் வரும்.

ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் எந்தத் துறை, எந்தப் பதவியில் இருப்பவர், எந்தக் கணக்குத் தலைப்பில் பணம், எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். “சம்பந்தப்பட்ட துறைகள் இணைந்து நடவடிக்கை எடுக்கும்” என்ற வாக்கியம் வரைவில் இருந்தால், அதை யாரும் செய்யப்போவதில்லை என்று பொருள். முன்னோடி வங்கி மேலாளரை ஆரம்பத்திலேயே உட்கார வையுங்கள். கடன் தருகிறவர் நம்பாத தொழிலை அறிக்கையில் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது ஓடாது.

ஓராண்டு கழித்து என்ன நடந்தது என்று பார்க்கும்போது, கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்களை எண்ணாதீர்கள். புதிய மின் இணைப்பு எத்தனை, வைப்பு நிதியில் புதிய பெயர் எத்தனை, அவற்றில் பெண்கள் எத்தனை, எந்த ஒன்றியத்தில் என்று எண்ணுங்கள். நகராத பரிந்துரையை வெளிப்படையாகக் கைவிடுங்கள். ஆட்சியர் மாறுவார், நீங்களும் மாற்றலாகிப் போவீர்கள். எதை ஏன் கைவிட்டோம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால், அடுத்து வருகிறவர் அதே பள்ளத்தில் விழமாட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திட்டத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு பக்கச் சுருக்கத்தை மட்டும் மொழிபெயர்த்து இணைக்காதீர்கள். திட்டக்குழுவில் வாக்களிக்கப் போகிற ஊராட்சிப் பிரதிநிதியும், லாரி ஆபீஸில் உங்களுக்கு ஊரின் கணக்கைச் சொன்னவரும் முழுவதும் படித்து, “இது சரி, இது தப்பு” என்று சொல்லும்படி இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன் பிரதியை அவர்களிடம் கொடுத்து, திருத்தம் கேட்டு வாங்குங்கள்.